நன்றியுரையில் இல்லாத பெயர்

இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நேற்று நம் ஆரணிக்காரர்களின் இணையக் குழுவைத் திறந்தபோதுதான் பரிமளா இறந்துவிட்டார் என்று தெரிந்தது. எழுதியிருந்தவர் அவர் வேலை பார்த்த கணினி மையத்தின் உரிமையாளர். "என்னிடம் தொழில் கற்ற பெண்" என்று இரங்கியிருந்தார். அங்கே யாருக்குத் தொழில் தெரியும் என்பதை அந்த மையத்தில் கணினி வாங்கிய நாம் அறிவோம்.

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கம். ஒரு காலை என் வீட்டுக் கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. தொடங்குவதற்கு வேண்டிய ஒரு கோப்பு கெட்டுவிட்டது என்று ஒற்றை வரி. உள்ளே என் நான்கு வருட ஆய்வேடு. வேறு நகல் இல்லை. ஒப்படைக்க எட்டு நாள். உரிமையாளர் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார்: "எதுக்கு சார் பேஜாரு? ஃபார்மட் அடிச்சா ஜல்தியா முடிஞ்சிடும்." எல்லாம் அழிந்துவிடுமே என்றேன். "படிச்சவரு, ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்க வேணாமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அழிப்பதற்காக அவர் அனுப்பியவர்தான் பரிமளா. மையத்துக்கு வருமுன் பட்டுத் தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை, அதாவது புடவை டிசைனைத் துளைகளாகத் தாங்கும் அட்டை, குத்தியவர். திரையை நிதானமாகப் படித்தார்.

"ஒரு அட்டை கிழிஞ்சா செட்டையே அடுப்புல வெப்பாங்களா சார்? அதே டிசைன் ஓடற தறியில பார்த்து, அந்த ஒண்ண மட்டும் குத்திக்கலாம்."

பக்கத்துத் தெருக் கணினியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து வந்து போட்டார். திரை அசையவில்லை. அதன் விண்டோஸ் வேறு பதிப்பு. தலையில் அடித்துக்கொண்டார். "பூ ஒண்ணா இருந்தா போதாது, தறியோட கொக்கி எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும். இது தெரிஞ்சும் அவசரப்பட்டுட்டேன்."

என்னுடையதோடு ஒரே நாளில் மையம் விற்ற கணினி, பஸ்ஸில் போக வேண்டிய சந்தவாசலில் ஒரு வீட்டில் இருந்தது. பரிமளா அங்கே கிளம்பும்போது உரிமையாளர் தொலைபேசியில் கத்தினார்: "இன்னும் இன்னா பண்ணிகினு கீற? அழிச்சிட்டு வா!"

"வேலை நடந்துகினு இருக்குங்க" என்று வைத்துவிட்டார். என்னிடம் திரும்பி, "பொய் இல்ல சார், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துதானே போறேன்" என்றார்.

கையில் மூன்று பிளாப்பிகள். ஒன்று போதாதா என்றேன். "ஒத்த நூலை நம்பி ஊருக்குப் போவ முடியுமா?"

மாலையில் திரும்பியபோது இரண்டு பிளாப்பிகள் திறக்கவில்லை. மூன்றாவது திறந்தது. அதிலிருந்த கோப்பைப் போட்டதும் கணினி எழுந்தது. ஒரு வரிகூடக் குறையாமல் ஆய்வேடு வந்தது.

இப்போது என் பங்கு. ஆய்வேட்டின் நன்றியுரையில் பரிமளா என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன். மையத்தின் பெயரும் உரிமையாளர் பெயரும்தான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். உரிமையாளர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். அதன் கீழேதான் பரிமளா தினமும் உட்கார்ந்து வேலை செய்தார். ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா டைப் பண்ணிகீறீங்க சார்" என்றார்.

அந்த மூன்றாவது பிளாப்பி என் மேசையில் இருக்கிறது. அதைப் படிக்கும் கணினி இப்போது என்னிடம் இல்லை. இருந்தாலும் வைத்திருப்பேன்.

இந்தப் பதிவின் கீழே என் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் ஊர் என் பழைய பகைகளைத்தான் படிக்கும். எழுதியது யார் என்று உரிமையாளருக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை அவர் கழற்றட்டும். என் பெயர் பெரிதாக அச்சான ஆய்வேட்டில் பரிமளாவின் பெயர் இல்லை. இதில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும்.