சித்தப்பா பிடித்த வீடியோக்காரர்

சுவிஸில் எங்கள் ஆட்கள் எதைச் சுருக்கினாலும், பெண்பிள்ளை பெரியவளானதும் செய்யும் சாமத்திய வீட்டைச் சுருக்குவதில்லை. இலங்கையில் போர் முடிந்த அடுத்த வருடம் எனக்கு அது நடந்தது. என் கவலையெல்லாம் வீடியோதான். வகுப்புத் தோழியை ஏரிக்கரையில் ஸ்லோ மோஷனில் ஓடவிட்டு எடுத்திருந்தார்கள். எனக்கு அதற்கு மேல் வேண்டும், பல்லக்கும் புகையும் வேண்டும். அம்மாவின் கவலை வேறு. எனக்குத் தண்ணீர் வார்க்க வேண்டிய தாய்மாமன் வன்னியில் இருந்தவர். போருக்குப் பிறகு தகவல் இல்லை. எப்படியும் தப்பி வந்திருப்பார் என்று நம்பி, அம்மா தெரிந்த எல்லாரிடமும் மண்டப விலாசத்தைச் சொல்லி வைத்திருந்தார்.

சித்தப்பாவுக்கு இன்டர்லாக்கனில் ஹோட்டல் வேலை. அங்கே வருடாவருடம் வந்து தங்கும் வெள்ளைக்காரக் கிழவர் இங்கிலாந்தில் சினிமா இயக்குநர். இளம் வயதில் சுரங்கத் தொழிலாளரைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர், பரிசுகளும் வாங்கியவர். கடைசிப் படம் படுத்துவிட்டது. பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. சித்தப்பாவுக்குப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஒன்றுதான். காலைச் சாப்பாடு கொண்டுபோன கையோடு கேட்டுவிட்டார்.

“உடனை ஓமெண்டிட்டார் அண்ணை. லண்டன் டைரக்டர். இனிச் சனம் எங்களைப் பற்றித்தான் கதைக்கும்,” என்றார் அப்பாவிடம்.

கிழவர் சின்னக் கமெராவோடு வந்தார். என்னை ஓடச் சொல்லவில்லை. பல்லக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாமாவின் இடத்தில் அப்பாவின் நண்பர் நின்று தண்ணீர் வார்த்தார்.

வீடியோவைப் பார்க்க உறவெல்லாம் கூடியது. அதில் நான் தூரத்தில் ஒரு பட்டுப் பொட்டலம். மற்றதெல்லாம் அம்மா. மண்டபக் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிற அம்மா.

“பெட்டையைக் காணேல்லை. தாய்க்கோ சாமத்தியம்?” என்றார் பெரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தேத்தண்ணி போட எழுந்து போனார். என் படத்தைக் கெடுத்தவர் அம்மாதான் என்று ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன்.

ஓரிடத்தில் கிழவரின் குரல் கேட்கும். அந்த அம்மா யாரை எதிர்பார்க்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். சாப்பாடு கொண்டுவரும் வான் வண்டியை என்கிறார் சித்தப்பா. உண்மை அவருக்குத் தெரியும், அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. நான் அந்தப் பதிலை அப்படியே நம்பினேன். கிழவர் நம்பவில்லை போலிருக்கிறது, கமெரா அம்மாவை விட்டு நகரவேயில்லை.

மாமா இன்றுவரை வரவில்லை. அந்தப் படத்தில் சாப்பாட்டு வான் வருகிறது, அண்டாக்களை இறக்குகிறார்கள், வான் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று உறவுகளோடு அதைப் பார்த்தபோது நான் பல்லக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.