வாத்து ஓட்டமும் டைம்கீப்பர் அண்ணனும்

என் அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வாசலை ஒட்டி ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடி அறை. அதில் ஒரு மேஜை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு நீள நோட்டு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவதுதான் வேலை. டயர் பஞ்சர், மழை, குறுக்கே வந்த மாடு என்று டிரைவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ‘மூன்று நிமிடம் தாமதம்’ என்று எழுதுவான். இரக்கமில்லாதவன் என்று சொல்ல மாட்டேன். இரக்கத்துக்கு அந்த நோட்டில் கட்டம் போடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். ஆனால் பஸ்ஸுக்கு அல்ல, வாத்துக்கு.

அது ஒரு பழைய வீடியோ கேம். கலங்கரை விளக்கத்துக்குள் மாட்டிக்கொண்ட தன் குஞ்சுகளைத் தேடி ஒரு வாத்து ஏழு கதவுகளைத் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். அதை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் போட்டி நடக்கிறது. உலகம் முழுக்க என்றால் அறுபத்தொரு பேர். ஆடுவதை வீடியோ எடுத்து ஓர் இணையதளத்துக்கு அனுப்பினால், நடுவர்கள் பார்த்து, வினாடி கணக்காக அளந்து, தில்லுமுல்லு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றுவார்கள். நடுவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஏதோ தூர தேசத்தில் ‘முள்ளங்கி’ என்ற பெயரில் உலாவுகிறவர். ஆணா பெண்ணா என்று இன்றுவரை தெரியாது. இன்னொருவர் என் அண்ணன்.

பட்டியலில் முதலிடமும் அண்ணனுக்குத்தான். இருபத்திரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. முள்ளங்கி பார்த்து ஒப்புக்கொண்ட ஓட்டம். ஆறு வருடமாக அதை அசைக்க ஆளில்லை. டிப்போவில் யாரும் அவனை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. பதவி உயர்வு என்ற பேச்சே எழுந்ததில்லை. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பு போனை எடுத்து, தன் பெயர் மேலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். அதில் அவனுக்கு இருந்த நிம்மதியை நான் கிண்டல் செய்வேன், ஆனால் எனக்குப் புரியாமல் இல்லை.

புதிதாக வருகிறவர்கள்தான் அவன் உயிரை வாங்கினார்கள். ஒருவன் கடைசித் திரையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினான். ஒருத்தி பாதியில் காலிங் பெல் அடித்ததென்று போய்த் திறந்துவிட்டு வந்து மீதியை ஆடி, இரண்டு துண்டாக அனுப்பினாள். இன்னொருவன் அனுப்பிய பத்தாவது நிமிடத்திலிருந்து ‘பார்த்தாச்சா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அண்ணன், எந்தக் கதவை எப்படித் தாண்டுவது என்பதிலிருந்து வீடியோவை எப்படி அனுப்புவது என்பதுவரை, புதியவர்களுக்கென்று ஒரு நீண்ட வழிகாட்டி எழுதிப் போட்டான். முதல் பொத்தானை அழுத்தும் முன்பிருந்தே வீடியோ ஓட வேண்டும், குஞ்சுகள் வாத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் நிறுத்த வேண்டும். போனில் எடுத்தால் திரை முழுதும் தெரிய வேண்டும், உங்கள் சோபாவைப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை. நடுவருக்குச் சம்பளம் கிடையாது, ஆகவே மரியாதையாவது கொடுங்கள். புதிதாக நடுவராகிறவர்களுக்கும் அதில் இரண்டு வரி உண்டு: ஏன் நிராகரித்தோம் என்று சொல்லாமல் நிராகரிக்காதே, சொந்தக்காரர் ஓட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதே.

எல்லாவற்றையும்விட அவன் தடித்த எழுத்தில் போட்டது சத்தத்தைப் பற்றி. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரை இரண்டு வினாடி இருண்டுவிடும், கேமின் பாட்டும் நின்றுவிடும். வெட்டி ஒட்டுகிறவர்கள் அந்த இருட்டில்தான் கைவரிசையைக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் ஓடும் மின்விசிறியோ தெருவில் போகும் வண்டியோ தொடர்ந்து கேட்டால், வீடியோவில் வெட்டு இல்லை என்று நம்பலாம். சத்தமில்லாத வீடியோ செல்லாது.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடமும் அவள் சொல்லிவரும் ஒரே புகார், அண்ணன் குறட்டை விடுகிறான் என்பது. அவன் பத்தொன்பது வருடமும் சொல்லிவரும் ஒரே பதில், ஆதாரம் எங்கே என்பது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டால் அண்ணன் ஹாலில் சோபாவில் சாய்ந்து இரண்டு மணி நேரம் தூங்குவான். நான் மாடி வீட்டில் இருக்கிறேன். ஒரு ஞாயிறு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு இறங்கி வந்தபோது, அண்ணன் இடிமுழக்கமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அண்ணி தரையில் சம்மணமிட்டு வாத்தை ஆறாவது கதவுக்குள் தூக்கி எறிந்துகொண்டிருந்தாள். குறட்டை காதில் விழாமலிருக்க ஒரு வருடமாக இதை ஆடிவருகிறாளாம். ஆட்டத்தின் நெளிவுசுளிவெல்லாம் அண்ணன் எழுதிய வழிகாட்டியிலிருந்து கற்றதாம். எனக்குள் இருந்த குசும்பு விழித்துக்கொண்டது. அனுப்பிப் பாருங்கள் அண்ணி என்று ஏற்றிவிட்டவள் நான்தான். கணக்குத் திறந்து கொடுத்ததும் நான்தான். தலையணை என்று இங்கிலீஷில் போட்டு, கூடவே கல்யாண வருடக் கணக்கையும் சேர்த்து, ‘பில்லோ19’ என்று பெயர் வைத்தோம்.

ஸ்டூல் மேல் பிஸ்கட் டின், டின் மேல் போன், திரையைத் தவிர வீட்டில் எதுவும் தெரியாதபடி குறி. முதல் வீடியோவில் குறட்டை காட்டிக்கொடுத்துவிடுமென்று பயந்து அண்ணி சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில், சத்தம் இல்லை என்று நிராகரிப்பு வந்தது. பத்தொன்பதை வயது என்று நினைத்துக்கொண்ட அண்ணன், ‘தம்பி, இந்த வயதில் அவசரம் சகஜம், வழிகாட்டியை முழுதாகப் படி’ என்று புத்தி வேறு சொல்லியிருந்தான். அன்று சாப்பிடும்போது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று ஒரு மூச்சு புலம்பினான். சின்னப் பையன்தானே, பாவம் என்று அண்ணி அவனுக்குக் குழம்பு ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு, ஆனது ஆகட்டும் என்று குறட்டைச் சத்தத்தோடேயே போயிற்று. இருபத்திரண்டு நிமிடம் பதினோரு வினாடி.

அண்ணன் முகம் செத்துவிட்டது. மூன்று வினாடி. ஆறு வருட முதலிடம் ஒரு தலையணையிடம் போகப் போகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தான். ஐந்தாம் கதவில் வாத்து நம்ப முடியாத வேகத்தில் நுழைகிறது, இருட்டில் வெட்டியிருப்பான் என்று சந்தேகப்பட்டான். பின்னணியில் ஏதோ பழுதான தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, வெட்டை மறைக்க வேண்டுமென்றே சேர்த்திருக்கலாம் என்று முள்ளங்கிக்கு எழுதினான். தன் குறட்டையைத் தானே கேட்டவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

முள்ளங்கியின் பதில் மறுநாள் வந்தது. மோட்டார் நடுவில் சப்புக்கொட்டாது, இது மனிதக் குறட்டை. ஐந்தாம் கதவில் யாரோ தூக்கத்தில் பேசுகிறார்கள், எனக்கு அந்த மொழி தெரியவில்லை. பேச்சு இருட்டைத் தாண்டித் தொடர்ந்தால் வெட்டு இல்லை என்று அர்த்தம்; உனக்குப் புரிகிறதா பார்.

என்னிடம் நல்ல ஹெட்போன் இருப்பதால் அண்ணன் மாடிக்கு வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்தாம் கதவைப் போட்டான். திரை இருள்வதற்கு முன் ‘பன்னெண்டாம் நம்பர்’ என்று கேட்டது. இருட்டுக்குள் ‘மூணு நிமிஷம்’. வெளிச்சம் வந்த பிறகு ‘லேட்டு’.

ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜையில் வைத்தான். நான் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்றுதான் இருந்தது.

"நான் குறட்டை விடுவேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்."

படியிறங்கிப் போனான். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. முள்ளங்கிக்குத் தமிழ் தெரியாது. ஒன்றும் விளங்கவில்லை, வெறும் இரைச்சல் என்று அண்ணன் ஒரு வரி எழுதினால் போதும். முதலிடமும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். அந்த யோசனை அவன் முகத்தில் ஓடியதை நான் பார்த்துவிட்டேன். அப்படி மட்டும் எழுதினால் அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று முடிவு செய்துகொண்டேன். அண்ணியிடம் போய், நான்தான் உங்களை மாட்டிவிட்டேன், நானே அவனிடம் பேசுகிறேன் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "யாரும் ஒண்ணும் பேச வேணாம். அவர் என்ன எழுதுறார்னு நான் பார்க்கணும்" என்றாள். குரலில் விளையாட்டு இல்லை.

மூன்று நாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் பேசிக்கொண்டன. டிப்போவில் அண்ணன் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் நேரத்தை வேறொரு பஸ்ஸின் கட்டத்தில் எழுதிவிட்டானாம். டிரைவர்கள் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்களாம்.

நான்காம் நாள் காலை, அறுபத்தொரு பேரும் பார்க்கும் இடத்தில் அவன் எழுதியிருந்ததை நான் மாடியில் நின்று படித்தேன். ஆடியவர் என் மனைவி, எனவே நான் இதற்கு நடுவராக இருக்க முடியாது. பின்னணியில் கேட்பது என் குறட்டை. ஐந்தாம் கதவில் பேசுவதும் நான்தான்; இருட்டுக்கு முன் தொடங்கிய வாக்கியம் வெளிச்சத்தில் முடிகிறது, வெட்டு இல்லை. சம்பவ இடத்தில் நான் இருந்தேன், தூங்கிக்கொண்டிருந்தேன். அன்று மாலையே முள்ளங்கி ஒப்புதல் கொடுத்தார். தலையணை மேலே, அண்ணன் கீழே.

அந்த ஞாயிறு சாப்பிட்டு முடித்து அண்ணன் சோபாவில் சாயவில்லை. நேராக உட்கார்ந்திருந்தான். பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னான்:

"எனக்கு வயிறு எரியுது. சந்தோஷமாவும் இருக்கு. மூணாவது கதவுல மட்டும் ஒரு வினாடி வீணாக்கிட்டே."

"அதெல்லாமா பார்த்தீங்க?"

"பதினோரு தடவை பார்த்தேன்."

அண்ணி கையிலிருந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"பத்தொன்பது வருஷத்துல நான் செஞ்ச எதையும் நீங்க ரெண்டாவது தடவை திரும்பிப் பார்த்ததில்ல" என்றாள்.

சண்டைக்குச் சொன்னதல்ல, கணக்கு ஒப்பிப்பது மாதிரிதான் சொன்னாள். அதனாலேயே எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாகிவிட்டது. அண்ணன் எழுந்து போய் டிவியைப் போட்டான். சோபாவிலிருந்து மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"இப்ப ஒரு தடவை ஆடு. முழிச்சிருந்து பார்க்கிறேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். முதல் கதவைக்கூடத் தாண்டவில்லை. வாத்து நேராகக் குழியில் போய் விழுந்தது. அண்ணி முகத்தை மூடிக்கொண்டு, "நீங்க பார்த்தா எனக்குக் கையே ஓடலைங்க" என்றாள். அவன் எங்கேயும் எழுந்து போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆடச் சொன்னான்.