கடைசி வரிசை, இடது சீட்

எங்கள் கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர். கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை இது. நான் வெட்டுகிறவள், அவள் தைக்கிறவள். என் மேசைக்கும் அவள் மெஷினுக்கும் நடுவில் நாலடிதான். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாலடிக்குள் அவள் குடும்பம் முழுவதும் எனக்கு அத்துப்படி. தையல் நேராகப் போகும், பேச்சு சுருக்கென்று குத்தும், அதனால் ஊசி. அவள் தையலைத் தடவிப் பார்த்து மெச்சாத ஆள் கிடையாது. வெட்டை மட்டும் எவரும் மெச்சியதில்லை. அது கிடக்கட்டும், இது என் கதையில்லை.

எந்த வண்டி வந்தாலும் அவள் முகப்பைப் பார்க்க மாட்டாள். கதவைத் திறந்து சீட்டில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள். "ரெண்டு விரல் கனம்தான். ஒரு வருஷம் தாங்காது" என்பாள். பிரித்துப் பார்த்தால் ஸ்பாஞ்ச் சரியாக இரண்டு விரல்தான் இருக்கும். எங்கள் முதலாளியே வண்டி வாங்கப் போனபோது அவளைக் கூட்டிக்கொண்டுதான் போனார். அவள் சொல்லை ஊரில் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள் என்றால் அது சீட் விஷயத்தில் மட்டும்தான். வீட்டில் அவள் வெறும் சின்னவள்.

சின்னவள் என்றால் இளைய மருமகள். அவளுடைய ஓரகத்தி, அதாவது மூத்த மருமகள், பெரியவள். மேல்மாடியில் பெரியவள் குடும்பம், கீழே இவள் குடும்பம். பெரியவளிடம் என்ன குறை என்று கேட்டால் ஊசியால் ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் குறையே. மாமியார் மாத்திரையைத் தேடும்போது பெரியவளைத்தான் கூப்பிடுவாள், மாத்திரை கீழே இவள் கையில் இருந்தாலும். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே விலைக்குச் செருப்பு வாங்கினால் இவளுடையது ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கும், அவளுடையது அப்படியே இருக்கும். "செருப்புக்குக்கூட ஆள் தெரியுது" என்று என்னிடம் பொருமியிருக்கிறாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வயிற்றெரிச்சல் வண்டி. பெரியவள் வீட்டில் ஒரு பழைய ஏழு பேர் வண்டி இருந்தது. எங்கே போனாலும் எல்லாரும் அதில்தான் போவார்கள். பெரியவளின் கணவர், இவளுக்கு மூத்தார், அவர் ஓட்டுவார். மாமியார் முன்னால். நடு வரிசையில் பெரியவள், அவள் மகன், அப்புறம் ஊசியின் கணவன். அவனுக்குக் கால் நீளம், பின்னால் மடங்காது. ஆகவே கடைசி வரிசைக்கு ஊசியும் அவள் மகளும். ஒன்பது வருடம் அப்படித்தான். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் இறங்கி, நடு சீட்டை மடக்கி, "வெளிய வாம்மா" என்று யாராவது கூப்பிட்ட பிறகுதான் அவள் வெளியே வர முடியும். "டிக்கியில சாமான், அதுக்கு முன்னால நான்" என்பாள்.

போன வருடம் அந்த வண்டி ஓய்ந்துவிட்டது. பெரியவள் இரண்டு ஷோரூம் தாள்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

"ரெண்டும் எஸ்யூவி, ரெண்டும் ஏழு பேர் போற வண்டி, விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். அவருக்கு எதைப் பார்த்தாலும் பிடிக்குது, அவரை நம்பிப் பிரயோஜனமில்ல. நீ வந்து ரெண்டுலயும் உட்கார்ந்து பாரேன். எப்பவும் பின்னாடி உட்கார்றவ நீதானே? உனக்கு எது சௌகரியமோ அதையே எடுத்துடலாம்."

இதைவிட நல்ல வார்த்தை ஓர் ஓரகத்தி வாயிலிருந்து வருமா? எனக்கு வந்திருந்தால் நான் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன். ஊசிக்கோ 'எப்பவும் பின்னாடி' என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. இன்னும் ஒன்பது வருடத்துக்கு என் இடம் அதுதான் என்று எழுதி வைத்துவிட்டார்கள் என்று அன்று முழுவதும் மெஷினைப் போட்டு மிதித்தாள்.

ஷோரூமில் முதலில் பார்த்தது உயரமான வண்டி. பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், அழகு என்று ஒன்றும் கிடையாது. ஊசி நேரே கடைசி வரிசைக்குப் போய்க் கட்டைவிரலை வைத்தாள். நாலு விரல் கனம். கால் தாராளமாகக் கீழே இறங்கியது. பின்னால் இருப்பவர்களுக்கென்று தனியாகக் குளிர்காற்று வேறு வந்தது. இரண்டாவது, கூரை திறக்கிற வண்டி. முன்னால் பெரிய திரை, பளபளவென்று உள்பக்கம், பட்டனைத் தொட்டால் தலைக்கு மேல் வானம். கடைசி வரிசையில் ஸ்பாஞ்ச் ஒன்றரை விரல். தரை மேடாக இருந்ததால் முழங்கால் மார்பில் இடித்தது. காற்றுக்கு வழியே இல்லை.

சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயம். ஆனால் பெரியவள் அந்த உயரமான வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இதுதான்மா பிடிச்சிருக்கு. ரோடு எவ்வளவு தூரம் தெரியுது பாரு! ஆனா நீ சொல்றதுதான் முடிவு" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்ததாம். நினைத்ததெல்லாம் இவளுக்கு மட்டும் எப்படி நடக்கிறது, இந்த ஒன்றாவது நடக்காமல் போகட்டுமே என்று தோன்றியதாம்.

"கூரை திறக்கிறதுதான்க்கா நல்ல வண்டி" என்றாள் ஊசி. "சீட்டும் அதுலதான் உருப்படியா இருக்கு."

பெரியவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நீ சொன்னா சரி" என்று இறங்கிவிட்டாள்.

மறுநாள் கடைக்கு வந்து இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"சரிடி, அவ ஆசைப்பட்டதைக் கெடுத்துட்ட. அந்த ஒன்றரை விரல் சீட்டுல உட்காரப் போறது யாரு?"

மெஷின் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் அவளுக்கு அது உறைக்கவே இல்லை. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அறுத்தது தன் மூக்கு என்பதே தெரியாமல் இருந்தவளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி வந்தது. உறை தைக்க எங்கள் கடைக்கே வந்தது, வேறெங்கே போகும்? மற்ற சீட்டுகளுக்கெல்லாம் ஒழுங்காகத் தைத்தாள். கடைசி வரிசை இடது சீட்டுக்கு மட்டும், யாரும் பார்க்காத நேரத்தில், மிச்சம் கிடந்த நல்ல ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை உள்ளே வைத்து மூடினாள். ஒன்றரை விரல் நாலு விரலானது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அவள் தையல் அப்படி.

"பெத்த பிள்ளைக்கு?" என்றேன்.

"அது என் மடியிலதான் படுத்துக்கும். துண்டும் ஒண்ணுதான் இருந்துச்சு."

முதல் பயணம் மாமியாரின் தங்கை வீட்டுக்கு. போக நாலு மணி நேரம். ஊசி வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் அவள் மகள் நடு வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வரிசையில், இடது பக்கம், கச்சிதமாக அந்த நாலு விரல் சீட்டின் மேல், பெரியவள்.

"பிள்ளைக்கு வாந்தி வருதுன்னு முன்னாடி அனுப்பிட்டேன். இனிமே நாம மாத்தி மாத்தி உட்காரலாம், எப்பவும் நீயேவா?" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

அது என் இடம் என்று சொல்ல வாயில்லை. வலது பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள் ஊசி. முழங்கால் மோவாய்க்கு வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பில் ஓர் இடி. பக்கத்தில் பெரியவள் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். தான் தைத்த சீட்டைப் பார்த்தே தனக்குப் பொறாமையாக இருந்தது என்று ஊசி என்னிடம் சொன்னாள்.

பாதி வழியில்தான் அந்தப் பேச்சு வந்தது.

"நீ சொன்னது நூத்துக்கு நூறும்மா. பின்சீட்டு மெத்தை மாதிரி இருக்கு. என் தம்பியும் வண்டி பார்க்கிறான், அவன் பெண்டாட்டி வேற மாசமா இருக்கா. வீட்டுல ஆள் ஜாஸ்தி, அவதான் பின்னாடி உட்காரணும். இதையே எடுடான்னு சொல்லிட்டேன். நாளைக்குப் பணம் கட்டுறான். எங்க சின்னவ கை வச்சுப் பார்த்தது, தப்பா இருக்காதுன்னு சொன்னேன்."

பொறாமையில் ஊசி எத்தனையோ செய்திருக்கிறாள். ஆனால் சீட்டைப் பற்றி அவள் சொன்ன சொல் அதுவரை பொய்த்ததில்லை. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

டீ குடிக்க வண்டி நின்றது. திரும்ப ஏறும்போது, "அக்கா, நீங்க வலது பக்கம் உட்காருங்க" என்றாள்.

பெரியவள் உட்கார்ந்தாள். ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பெரியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன் சீட்டை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஊசியின் சீட்டை அழுத்திப் பார்த்தாள்.

"நான் பொய் சொன்னேன்க்கா" என்றாள் ஊசி மெதுவாக. "உயரமானதுதான் நல்ல வண்டி. உங்களுக்குப் பிடிச்சுதேன்னு எனக்கு வயித்தெரிச்சல்."

முன்னால் யாருக்கும் கேட்கவில்லை. பெரியவளின் முகம் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பணம் கட்டாதே. அந்த உயரமான வண்டியையே எடு. ஆமா, பின்சீட்டு அதுலதான் நல்லாயிருக்காம்." ஊசியை ஒருமுறை பார்த்தாள். "எங்க சின்னவதான் சொன்னா."

திரும்பி வரும்போதும் பெரியவள் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஊசி எவ்வளவு கெஞ்சியும் இடம் மாறவில்லை.

மறுநாள் ஊசி என்னிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மனம் திருந்தி அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்தை திட்டக் கூடாதா? நல்லா நாலு கேள்வி கேட்டிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். இதுலயும் அவதான் பெரியவ!" என்றாள்.

அன்று மாலை அந்த வண்டி மறுபடியும் எங்கள் கடை வாசலில் நின்றது. ஊசியே மூத்தாரிடம் ஏதோ சொல்லிக் கொண்டுவரச் செய்திருந்தாள். கடைசி வரிசையின் வலது உறையைப் பிரித்து என் மேசை மேல் போட்டாள்.

"அக்கா உட்கார்ற பக்கம். அஞ்சு விரல் கனத்துக்கு வெட்டிக் கொடு."

நான் புது ஸ்பாஞ்சை விரித்து அளந்து, கத்தியை வைத்தேன்.

"இரு, இரு" என்று என் கையைப் பிடித்தாள். "நாலே போதும். என்னுதும் நாலுதானே?"