முகர்ந்து பார்த்த கோப்பை

பிடியில்லாத வெண்பீங்கான் கோப்பையொன்று என் எழுதுமேசை மீது இருக்கிறது. என் மைத்துனர் அதை எனக்குக் கொடுத்த காரணத்தை நான் எழுதாவிடில், அவரைப் பற்றி உறவினரிடையே நான் பரப்பியதே மெய்யென நின்றுவிடும். ஆதலின் எழுதுகிறேன்.

அவர் என் தங்கையின் கணவர், பாயா ரும்புட் என்னும் ஊரில் குடியிருப்பவர், செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், நெடுங்காலம் குடித்தவர். "இன்னொரு தடவ வாயில வச்சா நான் மக வீட்டுக்குப் போயிருவேன்" என்று தங்கை இறுதியாகச் சொன்னபின், அவர் மாலைதோறும் நகரத்துச் சீன மருந்துக்கடைக்குப் போகத் தொடங்கினார். அக்கடை முதியவரும் ஒரு காலத்தில் குடியில் அமிழ்ந்தவர். தாவோ என்னும் பழஞ்சீன நெறியால் மீண்டதாகச் சொல்லிக்கொண்டவர். வேட்கையோடு மல்லுக்கட்டினால் அது வலுக்கும். வெறுங்கோப்பையை முன்வைத்து அமர்ந்து, வேட்கை வந்து போகும்வரை பார்த்திரு என்பதே அவர் மலாய் மொழியில் கற்பித்த முறை. எனக்கு அது ஏமாற்றாகவே பட்டது. குடியை விட்டவருக்குக் கோப்பை எதற்கு? போராடாமல் வெல்வது என்பது சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயரன்றோ? தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் அறியாமல் அக்கோப்பையை எடுத்து முகர்ந்தேன். மணமில்லாததும் எனக்கு ஐயத்தையே தந்தது. நன்றாகக் கழுவி வைத்திருக்கிறார் என்றெண்ணினேன்.

சென்ற ஆண்டு முனீசுவரர் படையல் அவர் முறையாயிற்று. சுருட்டும் சாராயமும் வைத்து வணங்கியபின், படைத்தவரே அச்சாராயத்தை முதலில் அருந்துவது எங்கள் குடும்ப வழக்கம். நண்பகலில், மரத்தடியில், அவர் புட்டியைச் சாய்த்து அந்த வெண்கோப்பையை நிரப்புவதைப் பின்னாலிருந்து கண்டேன். அதற்குமேல் நிற்கவில்லை. வழியில் கண்ட உறவினரிடமும், பின் தங்கையிடமும், அவர் மறுபடி குடிக்கிறார் என்று சொன்னேன்.

"கண்ணால பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்மா."

அவள் அடுப்பை அணைத்தாள். ஒரு துணிப்பையோடு ஆயர் குரோவிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாலையில் பூசாரி, படைத்த தேங்காய் மூடியோடு என் வீட்டுக்கு வந்தார். "என்ன சார், பாதியில ஓடிட்டீங்க? ஒரு வாய் குடிங்கன்னு எல்லாரும் கத்துறாங்க, உங்க மாப்பிள்ள கேக்கலையே லா! கோப்பை கோப்பையா வேருல ஊத்திட்டாரு. முனியே குடிச்சிட்டுப் போகட்டும்னு சிரிக்கிறாரு!"

விரைந்து சென்றேன். ஆளில்லாத வீட்டில், வெறுங்கோப்பையின் முன் மைத்துனர் அமர்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். இன்னிக்கு ரொம்பப் பெருசா வந்திருக்கு. நான் தள்ளல. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிரும்."

அப்போதும் என் கண்கள் மேசையின்கீழ்ப் புட்டி தேடின. அதை மறைக்க விரும்பவில்லை. அது போய்விட்டதென அவர் சொல்லும்வரை உடனிருந்தேன். பிறகு தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, அவர் குடித்ததை நான் காணவில்லை, ஊற்றியதை மட்டுமே கண்டேன் என்றேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுநாள் வீடு திரும்பினாள்.

அன்றுதான் அவர் கோப்பையை என்னிடம் நீட்டினார். "எனக்கு வேற இருக்கு மச்சான். இத நீங்க வச்சுக்குங்க. உங்களுக்குந்தான் ஒன்னு தினமும் வருதே."

அது இன்றும் மாலைதோறும் வருகிறது. இப்போது குடித்துக்கொண்டிருப்பாரோ? தங்கையை அழைத்துக் கேட்க என் கை தொலைபேசியை நாடுகிறது. கோப்பையை முன்வைத்து அமர்கிறேன். சில நாள் அது தானே போய்விடுகிறது. சில நாள் கோப்பையை எடுத்து முகர்ந்துவிடுகிறேன்.

தாவோ நெறியை நான் முறையாகக் கற்றவனல்லேன். அதைக் குறித்தோ மைத்துனரைக் குறித்தோ இங்குப் பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்துக. கண்ணால் கண்டேன் என்று இனி வாதிடமாட்டேன்.