பிள்ளைகளின் சுகத்துக்கு

தின்பண்டம் விற்பவளிடம் "எது நல்லது?" என்று கேட்பதும், மீன்காரியிடம் "மீன் பழசா?" என்று கேட்பதும் ஒன்றுதான். ஆனாலும் கேட்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருஷமாகப் பாக்கெட் பண்டங்கள் பக்கம் நிற்கிறேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து தோற்றுப்போன அத்தனை பேருக்கும் இதைச் சொல்கிறேன். நானும் உங்கள் கட்சிதான்.

டாக்டர் கேட்டது

என் மகள் அபிஷாவுக்கு ஒன்பது வயது. வயிறு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுத்தால், ஈரலில் கொழுப்பு என்றார்கள். அது குடிகாரர்களுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்! பொரித்த பாக்கெட், கிரீம் பிஸ்கட் எதுவும் இனி ஆகாது என்ற டாக்டர், "வீட்டுல யாரு இதையெல்லாம் வாங்கிக் கொடுக்கது?" என்று கேட்டார்.

யாரும் வாங்கவில்லை. தேதி முடிய நாலு நாள் இருக்கிற பாக்கெட்டுகளை எங்கள் கடையில் வேலை செய்பவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். ஆறு வருஷமாகப் பை நிறையக் கொண்டுபோனது நான்தான், அதுவும் பெருமையாக. பில் போடும் சுனிதாவிடம் சொல்லி அழுதேன். அவளும் கூட அழுதாள். பிறகு தன் காலடியில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னாள்: "நம்ம பிள்ளையளுக்கு நாமளே வெஷம் குடுத்திருக்கோம், பாத்தியளாக்கா. செரி, இன்னைக்கு எடுத்து வச்சத என்ன செய்யதுக்கு?"

போர்டு

ஓனரிடம் கெஞ்சி அலமாரியில் ஒரு தட்டு வாங்கினேன். ராகி பிஸ்கட், வறுத்த கொண்டைக்கடலை, எள்ளுருண்டை என்று அடுக்கினேன். முழுப்பரீட்சை லீவு வரைக்கும்தான், ஓடவில்லை என்றால் எடுத்துவிடுவேன் என்றார். எனக்கு வியாபாரம் பெரிதில்லை. மற்ற பிள்ளைகள் தின்றால்தான் அபிஷாவும் தின்பாள். என் கையாலேயே போர்டு எழுதி மாட்டினேன்: "பிள்ளைகளின் சுகத்துக்கு."

என் புத்தி எங்கே போயிற்று? சுகமில்லை என்றால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று அர்த்தமாகிற ஊரில் இப்படியா எழுதுவது? ஒரு வாரம் ஈ காக்கை அண்டவில்லை. எட்டாம் நாள் ஒரு அம்மா நாலு பாக்கெட் ராகி பிஸ்கட் எடுத்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கூட வந்த அவருடைய மகன் மிளகாய் சிப்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "பிள்ளைக்கு ராகி பிடிக்குமா?" என்றேன். "ஐயோ, இவனுக்கு இல்ல மக்கா. ஆஸ்பத்திரியில ஒரு ஆளப் பாக்கப் போணும், வெறுங்கையோட போவ முடியாதுல்லா."

பின்பக்கம்

போர்டைக் கழற்றிவிட்டு வாயால் சொல்ல ஆரம்பித்தேன். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர், சின்ன மகனோடு வந்தவர், பொறுமையாகக் கேட்டார். கதிர் படம் போட்ட ஒரு கோதுமை பிஸ்கட்டைத் திருப்பிக் காட்டினேன். உள்ளே சேர்த்ததில் எது கூடுதலோ அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். மைதா, சர்க்கரை, பாமாயில். கோதுமை எங்கோ வாலில் கிடந்தது.

மனிதர் அதிர்ந்துபோனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்தார். நானும் கூட நின்று படித்தேன். இருவரும் குனிந்து பார்த்தபோது அவருடைய மகன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து முக்கால்வாசி தின்றிருந்தான். மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். "இத வாசிச்சு முடிக்கதுக்குள்ள பய காலேஜுக்குப் போயிருவான் போல. பிரிச்சதுக்கு பில்லு போடுங்க."

இடைவேளை

அபிஷாவின் டப்பாவில் ராகி பிஸ்கட் வைத்து அனுப்பினேன். மூன்று நாளும் டப்பா காலியாக வந்தது. சுனிதாவிடம் பீற்றிக்கொண்டேன். சனிக்கிழமை துவைக்க ஸ்கூல் பையை எடுத்துக் கவிழ்த்தால், அத்தனையும் நொறுங்கிக் கொட்டியது.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நோயைத் தீனம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை டப்பாவை எட்டிப் பார்த்துக் கேட்டதை அபிஷா விக்கி விக்கிச் சொன்னாள்: "ஏட்டி, ஒனக்கு தீனமா? எங்க தாத்தா சாவதுக்கு முந்தி இதத்தான் தின்னாரு."

மிச்சம்

லீவு வந்தது. ஓனர் சொன்ன சொல் மாறவில்லை. தட்டைக் காலி செய்தார்கள். அந்த இடத்தில் உள்ளே பொம்மை வைத்த சிப்ஸ் பாக்கெட்டுகள் வந்தன, அன்றே பாதி போயின. தேதி நெருங்கிய ராகி பிஸ்கட்டெல்லாம் எனக்கே வந்து சேர்ந்தன. இரண்டு பை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"இனி நமக்கு இதுதான் மக்கா, நானும் உன்கூடத் தின்பேன்" என்று அபிஷா முன்னால் பரப்பி, ஒன்றைப் பிரித்து நானே முதலில் கடித்தேன். அவள் கை நீட்டவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எம்மா, ஆருக்கும் வேண்டாத்ததத்தான் எப்பவும் எனக்குக் கொண்டுவருவியா?"

அடுத்த மாதம் அவளுக்கு மறுபடியும் ஸ்கேன். அதுவரைக்கும் நான் ஊரார் பிள்ளைகளுக்குப் பொம்மை இருக்கிற பாக்கெட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.