வேலியோரக் கள்ளிமுளையான்

காங்கேயம் பக்கம் நான் வாங்கிய வறண்ட மேய்ச்சல் காட்டில், வேலியோரம் முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது, ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் வேலியோரம் தானாக முளைக்கும் சதைப்பற்றுள்ள செடியான கள்ளிமுளையானின் தண்டுகளை ஒடித்துச் சீவிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, தின்னு பாருங்க. லேசாப் புளிக்கும். வெயில்ல பசியே தெரியாதுங்க” என்று முதல் துண்டை என்னிடம் நீட்டினார்.

அதை வாங்காமல் பதறிக் கேட்டேன். “நீங்க தின்னீங்களாக்கா? நேத்து இங்க மருந்து அடிச்சுப்போட்டேனுங்க.”

“இன்னும் இல்லீங்க. ஆள் வாரப்ப நான் மட்டும் எப்படித் திங்கறது?”

மடியிலிருந்ததைக் கொட்டிவிட்டு, ஆடுகளை அவசரமாக வெளியே ஓட்டினார். என்னைத் திட்டவே இல்லை.

வெறும் களை என்று நினைத்துத்தான் அடித்தேன். எனக்குக் கொடுப்பதற்காக அவர் தின்னாமல் காத்திருந்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால், இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.