விளக்கெண்ணெய் போட்ட வயிறு

போர்க்கப்பலில் வைத்தியம் பார்க்கும் அறையான சிக்பே என்றால் எந்நேரமும் குண்டுக் காயம், ரத்தம் என்று பூதலூரில் என் பேரப்பிள்ளைகள் வரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் அதிகம் வந்தது பல்வலி. பல் டாக்டர் கரையில்தான். கப்பலில் இருந்த ஒரே டாக்டர், வங்காளத்துக்காரர், பல்லும் பிடுங்குவார். தலையைப் பிடித்துக்கொள்வது மெடிக்கல் அசிஸ்டெண்டான என் வேலை. கப்பல் சாயும் பக்கமாக இழுத்தால் பல் சுலபமாக வரும் என்பார். நம்பாதவர்களும் வாயைத் திறந்தார்கள், வேறு வழி?

போர் நடந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் ஒரு நாள் பாய்லர் ரூமிலிருந்து கலியமூர்த்தியைத் தூக்கி வந்தார்கள். வேதாரண்யத்துக்காரன், எனக்கு ஜூனியர். வலது அடிவயிற்றில் கை வைக்க விடவில்லை.

"சூட்டு வலிண்ணே. விளக்கெண்ணெய் போட்டிருக்கேன், சரியாயிடும்."

டாக்டர் முகம் வெளிறிவிட்டது. நான் தினமும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பதைக் கேட்டுக் கற்ற தமிழ் அவருடையது. போடுவது என்றால் அவருக்கு விழுங்குவது. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் குடித்தால் அது வெடித்துவிடலாம்.

"எவ்வளவு குடிச்சான், கேளு" என்றார்.

"குடிக்கலிங்க சார், தொப்புள்ல தடவியிருக்கான். எங்க ஊர்ல அதுவும் போடுறதுதான்."

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தொப்புள் பளபளத்தது. கால் பெருவிரலிலும் எண்ணெய்.

"உங்க பாஷை ஒரு நாள் என்னைக் கொன்னுடும்" என்றார் டாக்டர்.

ஆனாலும் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். கரைக்கு அனுப்ப வழியில்லை, ரேடியோவில் பேசவே தடை. ஆபீசர்கள் சாப்பிடும் மேஜையைக் கழுவி அவனைப் படுக்கவைத்துக் கட்டினோம். கப்பலோ பேயாட்டம் ஆடியது. டாக்டர் கேப்டனுக்குப் போன் போட்டார்.

"இந்த ஆட்டத்துல கத்தி வைக்க முடியாது சார்."

ஆட்டம் குறைய வேண்டுமானால் அலைக்குத் தோதாகத் திரும்பி, வேகத்தையும் குறைக்க வேண்டும். எதிரியின் நீர்மூழ்கி சுற்றும் கடலில் அப்படிப் போவது, வந்து அடி என்று கூப்பிடுவது மாதிரி. எங்கள் அத்தனை பேர் உயிரும் அதில் இருந்தது. கேப்டன் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ட்ரேயில் உருண்டுகொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில்தான் ஊசி போட்டிருந்ததால் கலியமூர்த்தி விழித்திருந்தான்.

"என்னண்ணே, கப்பல் நின்னுபோச்சா?"

"நிக்கல தம்பி. உனக்காக மெதுவா போவுது."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. என் இரண்டு கையும் காயத்தில் இருந்ததால் துடைத்துவிட முடியவில்லை. அது இன்றும் எனக்கு ஒரு குறைதான்.

கடைசித் தையல் போட்டு முடித்ததும் போன் அடித்தது. கேப்டனின் குரல் எனக்கும் கேட்டது.

"டாக்டர், நான் இப்ப கப்பலைத் திருப்பலாமா?"

கப்பலில் எல்லோரும் அவரிடம்தான் அனுமதி கேட்போம். அவரே இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நினைத்தால் இன்றும் மனசு நிறைந்துவிடுகிறது. நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: நோயாளி மேஜையில் இருக்கும் வரை அவனைவிடப் பெரிய ஆபீசர் அந்தக் கப்பலில் யாரும் கிடையாது.